வாசகர் கேள்வி – பதில்: தார் எஸ் சலாமில் அறை அறையாக எழும் வீடுகள்

கேள்வி: தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் எங்கு திரும்பினாலும் பாதி கட்டி நிற்கும் வீடுகள்தாம் என்று அங்கு வேலை பார்த்துத் திரும்பிய என் மைத்துனர் கூறுகிறார். கையில் பணம் இல்லாமல் ஏன் தொடங்குகிறார்கள்? சேர்த்து வைத்துக்கொண்டு கட்டினால் ஆகாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவர்கள் சேர்த்து வைக்கும் முறையே அதுதான். சம்பளச் சீட்டு இல்லாத மீன் வியாபாரிக்கும் தையல்காரருக்கும் வங்கி வீட்டுக் கடன் தருவதில்லை. 1970களில் அரசு தொடங்கிய வீட்டு வசதி வங்கியும் 1995இல் மூடப்பட்டுவிட்டது. ரொக்கமாக வைத்திருக்கும் ஷில்லிங், மருத்துவச் செலவிலும் உறவினர் கேட்கும் கைமாற்றிலும் கரைந்துபோகும். அதே பணத்துக்கு இரண்டு மூட்டை சிமென்ட் வாங்கி, மணலோடு கலந்து, மனையிலேயே அச்சில் அடித்து, தண்ணீர் தெளித்து இறுகவைத்து அடுக்கிவிட்டால், அந்தக் கல்லை யாரும் கைமாற்றாகக் கேட்க மாட்டார்கள். போதிய கல் சேர்ந்ததும் ‘ஃபுண்டி’ எனப்படும் கொத்தனார் வருவார். சுவர் நான்கு வரிசை உயரும். பிறகு ஓராண்டு அப்படியே நிற்கும்.

அங்குள்ள பழைய வீட்டு அமைப்பும் இதற்கு இசைவானது. நடுவில் ஒரு நடை, அதன் இரு பக்கமும் மும்மூன்று அறைகள், பின்னால் சமையலுக்கும் கழிப்பறைக்குமான முற்றம் என்று அமையும் ஸ்வாஹிலி வீட்டில், இரண்டு அறைகளுக்குத் தகரம் போட்டவுடன் குடும்பம் ஒன்றில் குடியேறி மற்றதை வாடகைக்கு விடுகிறது. மூன்றாவது அறைக்கான தகரத்தைப் பெரும்பாலும் அந்த வாடகையே வாங்கித் தருகிறது.

கேள்வி: ஏழைகளே இப்படிக் கட்டிக்கொள்வார்கள் என்றால் அரசுக்கு என்ன வேலை? அரசே வீடு கட்டித் தருவதுதானே முறை?
– வாசகி, மதுரை

பதில்: அதையும் செய்து பார்த்தார்கள். 1962இல் நிறுவப்பட்ட தேசிய வீட்டு வசதிக் கழகம் குடிசைகளை இடித்துவிட்டு அதே இடத்தில் வீடு கட்டித் தந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை, நகரமோ காத்திருக்கவில்லை. 1967இல் மூன்று லட்சத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பில் 53 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த வேகத்துக்கு எந்த அரசும் சாவி கொடுத்து மாளாது.

எனவே 1970களின் நடுவில் உலக வங்கிக் கடனுடன் வேறு வழியில் இறங்கினார்கள். சின்சா, கிஜிடோன்யாமா, மிகோச்சேனி ஆகிய இடங்களில், பெரும்பாலும் காலியாகக் கிடந்த நிலத்தை அளந்து, தெரு விட்டு, தண்ணீர்க் குழாய் போட்டு, மனையாக மட்டும் கொடுத்தார்கள். வீடு அவரவர் பொறுப்பு. மன்சேசே போன்ற, ஏற்கெனவே நெருக்கமாக வீடுகள் எழுந்துவிட்ட பகுதிகளில் வீடுகளை விட்டுவைத்து, சாலையும் குழாயும் பிறகு புகுத்தப்பட்டன. பல ஆண்டுகள் கழித்து இவ்விரு வகைப் பகுதிகளையும் ஒப்பிட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு, முன்கூட்டியே மனை பிரித்த இடங்களில் வீடுகள் பெரியனவாகவும் ஒழுங்காகவும் மின்வசதியோடும் இருப்பதாகவும், பின்னர் சீரமைக்கப்பட்ட இடங்களில் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை என்றும் கண்டது. காரணம் எளிது. இரண்டு அறையை நான்காக்க ஒரு குடும்பத்தால் முடியும்; இரு பக்கமும் சுவர் எழுந்துவிட்ட சந்தில், கழிவுநீர் வண்டி நுழையும் அளவுக்குத் தெரு விட எந்தக் குடும்பத்தாலும் முடியாது. ஆகவே, அரசு முதலில் போட வேண்டியது சுவரை அன்று, அளவுக்கல்லை.

கேள்வி: சென்னையில் இத்தகைய திட்டம் இருந்ததா?
– வாசகர், ஆவடி

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலேயே இருந்தது. 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில், அதே உலக வங்கியின் கடனில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டன.

கேள்வி: தார் எஸ் சலாமில் அப்படிக் கொடுத்த மனைகள் கடைசியில் ஏழைகளிடமா இருக்கின்றன?
– வாசகி, ஈரோடு

பதில்: முழுமையாக இல்லை, இந்த முறையின் பெரிய குறை அதுதான். சின்சா இன்று கடைகளும் விடுதிகளும் நிறைந்த நடுத்தர வர்க்கப் பகுதி. மனை பெற்றவர்களில் சிலர் நல்ல விலைக்கு விற்றுவிட்டு வெளியேறினர். அந்தப் பணத்தில் வேறிடத்தில் பெரிய வீடு கட்டியவரை ஏமாந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவருக்குப் பின் நகரத்துக்கு வந்த ஏழைக்கு அங்கே இடமில்லை. 2002இல் அதே நகரில் இருபதாயிரம் மனைத் திட்டம் தொடங்கியபோது, செலவை மனை விலையிலேயே மீட்டாக வேண்டியிருந்ததால், எளியவர்களுக்கு அது எட்டவில்லை.

அங்கே 1970களின் திட்டத்தில் வழக்கமான மனை 288 சதுர மீட்டர். நம் கணக்கில் ஒன்றேகால் கிரவுண்டுக்குச் சற்று மேல். இரண்டு அறையோடு தொடங்கும் குடும்பத்துக்கு இதில் பாதி போதும் என்பது என் கருத்து. மனையைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் விலை இறங்கும், வசதியுள்ளவரின் கண்ணும் அதில் அவ்வளவாக விழாது.