உளுந்துத் திசு வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: உளுந்து இலைத் துண்டுகளை எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) சத்து ஊடகத்தில் 2,4-டி என்ற வளர்ச்சி ஊக்கி சேர்த்து வளர்த்தேன். காலஸ் (உருவமற்ற செல் திரள்) நன்றாகத் திரண்டது. இரண்டு மாதமாகியும் ஒரு தளிர்கூட இல்லை. ஊடகத்தில் எதை மாற்றுவது? (முதுநிலை மாணவி, திருச்சி)

பதில்: ஊடகத்தைவிட முதலில் வெட்டும் இடத்தை மாற்றுங்கள். பயறு வகைகளில் காலஸ் சுலபமாக வரும். அதிலிருந்து தளிர் எடுப்பதுதான் பெரும்பாடு. புகையிலைக்கு எழுதிய செய்முறை இங்கே பலிக்காது. நாற்றில் வித்திலைகள் தண்டோடு சேரும் வித்திலைக் கணுவிலிருந்து நேரடியாகத் தளிர் எடுப்பதே உளுந்துக்குத் தோதான வழி.

விதையை 70% எத்தனாலில் ஒரு நிமிடம், 0.1% மெர்குரிக் குளோரைடில் 8 முதல் 10 நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய நீரில் ஐந்து முறை அலசுங்கள். (மெர்குரிக் கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிக் கேனில் சேருங்கள்.) நான்கைந்து நாள் நாற்றில், கணுவுக்கு மேலும் கீழும் சுமார் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். கணுவிடுக்கில் ஏற்கெனவே இருக்கும் மொட்டைக் கத்தி நுனியால் நீக்கிவிடுங்கள், வித்திலைகளைக் கிள்ளிவிடாதீர்கள். அவை போனால் தளிர் எண்ணிக்கை சரியும்.

ஊடகத்துக்கு: எம்.எஸ். உப்புகள், பி5 (காம்போர்க்) ஊடகத்தின் வைட்டமின் கலவை, லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ், 8 கிராம் அகார், 1 மி.கி. பி.ஏ.பி. (தளிரைத் தூண்டும் வளர்ச்சி ஊக்கி), பி.எச். 5.8. பி.ஏ.பி.யைக் கூட்டினால் தளிர் பெருகும் என்று நினைக்க வேண்டாம். குட்டையான, நீளாத கொத்துதான் மிஞ்சும். குழாயின் வாயைப் பாராஃபிலிமால் காற்றுப் புகாமல் இறுக்கினால் செடி விடும் எத்திலீன் வாயு உள்ளே தங்கி இலை மஞ்சளாகி உதிரும். பஞ்சு அடைப்பே போதும்.

கேள்வி: அக்ரோபாக்டீரியம் (செடிக்குள் மரபணுவைக் கடத்தும் பாக்டீரியா) மூலம் மரபணு செலுத்திய தளிர்கள், மரபணு ஏறாதவற்றை வெளுக்கவைக்கும் கனமைசின் மருந்திலும் பச்சையாகவே இருந்தன, மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையிலும் அதற்குரிய பட்டை தெரிந்தது. ஆனால் அவற்றின் விதையை விதைத்து வந்த செடிகளில் மரபணு இல்லை. ஏன்? (ஆய்வு மாணவர், கோவை)

பதில்: கணுவில் தளிர் சுலபமாக வருவதற்கு எது காரணமோ, அதுவேதான் இதற்கும் காரணம். அங்கே மொட்டாகத் தயாராக உள்ள செல்கள் பல. பாக்டீரியா எட்டுவதோ காயம்பட்ட மேல் செல்களில் சிலவற்றை மட்டும். வரும் தளிர் ஒரு பகுதியில் மரபணு ஏறியும் மறுபகுதியில் ஏறாமலும் கலந்திருக்கும். விதை தரும் திசு ஏறாத பகுதியில் அமைந்தால் அடுத்த தலைமுறைக்கு எதுவும் போகாது.

பி.சி.ஆர். பட்டையையும் உடனே நம்பாதீர்கள். திசுவுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவும் அதே பட்டையைத் தரும். செடிக்குள் போகும் துண்டான டி-டி.என்.ஏ.வுக்கு வெளியே, பாக்டீரியாவிலேயே தங்கும் விர் மரபணுவுக்கும் பி.சி.ஆரில் ஒரு பிரைமர் (அந்த மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ. இழை) போடுங்கள். அதுவும் தெரிந்தால் பாக்டீரியா இன்னும் ஒழியவில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் செஃபோடாக்சிமை லிட்டருக்கு 250 மி.கி.யில் தொடருங்கள்.

கனமைசினைப் பொறுத்தவரை பயறுகளுக்கு இயல்பிலேயே தாங்கும் சக்தி அதிகம். ஆகவே மரபணு செலுத்தாத கணுக்களை வெவ்வேறு அளவில் வைத்து, எந்த அளவில் அவை வெளுக்கின்றன என்று முதலில் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தளிரின் அடியைப் புதிதாக வெட்டி, வெட்டுமுகம் ஊடகத்தில் பதியும்படி நடுங்கள். வேர் விடும் கட்டத்திலும் கனமைசினை நிறுத்தாதீர்கள். ஏமாற்றித் தப்பிய தளிர்களில் பல அங்கே நின்றுவிடும்.

கேள்வி: வேர் பிடித்த செடிகள் தொட்டிக்கு மாற்றிய மூன்றாம் நாளே சாய்கின்றன.

பதில்: வேரில் ஒட்டிய அகாரை வெதுவெதுப்பான நீரில் முழுவதும் கழுவினீர்களா? அதிலுள்ள சர்க்கரைதான் பூஞ்சணத்துக்குத் தீனி. தென்னை நார்க்கழிவும் மணலும் சம அளவில் கலந்து நட்டு, பாலித்தீன் பையால் மூடி, ஒரு வாரத்துக்குப் பின் பையில் தினமும் ஓரிரு துளை போட்டு வாருங்கள்.