ஆறு விசை பிரெயில் கீபோர்டு: பிசிபி ஆர்டர் போடும் முன்

கேள்வி: நாங்கள் 4 பேர், சேலத்தில் இசிஇ இறுதியாண்டு படிக்கிறோம். பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் போனில் தமிழில் எழுத, ஆறு விசை கொண்ட புளூடூத் பிரெயில் கீபோர்டு ஒன்றை புராஜெக்டாகச் செய்ய நினைக்கிறோம். ஈஎஸ்பி32 என்ற சிப் உள்ள போர்டு வாங்கிவிட்டோம். பிசிபி (மின்சுற்றுப் பலகை) வடிவமைத்து சீனாவில் ஆர்டர் போட்டு, 3டி பிரிண்டரில் பெட்டி அடித்தால் 3 மாதத்தில் முடித்துவிடலாமா? பட்ஜெட் 8,000 ரூபாய். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் வெளியாட்களிடம் காட்டலாமா?

பதில்: முடித்துவிடலாம். ஆனால் இந்த வரிசையில் போனால், வேலை செய்கிற கீபோர்டு மூன்றாம் மாதக் கடைசியில்தான் கைக்கு வரும். அதை யாராவது பயன்படுத்துவார்களா என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். அதனால் வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். எந்தச் சந்தேகம் உண்மையானால் மொத்தத் திட்டமும் படுத்துவிடுமோ, அதை முதலில் சோதியுங்கள். ஆறு பொத்தான்களை ஒரு சிப்போடு இணைக்க முடியுமா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிசிபி அதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

ஆப்பிளில் இருந்த ஸ்டெஃபனி ஹூட், சார்ல்ஸ் ஹில் இருவரும் 1997-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் முன்மாதிரிகளை மூன்று கேள்விகளாகப் பிரித்தார்கள். இந்தப் பொருள் பயன்படுத்துபவரின் வாழ்க்கையில் என்ன வேலை செய்யப்போகிறது? கைக்கும் காதுக்கும் எப்படி இருக்கும்? உள்ளே எப்படி இயங்கும்? மூன்றுக்கும் ஒரே கருவியில் விடை தேட வேண்டியதில்லை. தனித்தனியாக, மலிவாகத் தேடலாம். நீங்கள் மூன்றாவது கேள்வியில் ஆரம்பித்திருக்கிறீர்கள். பொறியியல் மாணவர்கள் எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் பாடத்திட்டம் கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

முதல் கேள்வியிலேயே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடரான (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் செயலி) டாக்பேக்கில் 2020 முதல் திரையிலேயே பிரெயில் தட்டும் வசதி உண்டு. ஐபோனில் 2014-இல் ஐஓஎஸ் 8-உடன் வந்துவிட்டது. இரண்டுக்கும் காசு கிடையாது. விலைக்கு வாங்குவதென்றால் நெதர்லாந்தின் ஹேபிள் ஒன் என்ற பிரெயில் கீபோர்டு இருக்கிறது. தொட்டு வாசிக்கும் வரியும் சேர்ந்து வேண்டுமென்றால் ஆர்பிட் ரீடர் 20. இத்தனையும் இருக்கும்போது உங்கள் கருவியை ஒருவர் ஏன் பையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? நல்ல காரணங்கள் இருக்கலாம். கண்ணாடித் திரையில் விரல் எங்கே நிற்கிறது என்று தெரியாது, விசையில் தெரியும். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே எழுதலாம். வகுப்பில் குறிப்பெடுக்கும்போது போனைக் கையில் பிடிக்க வேண்டாம். ஆனால் இவையெல்லாம் என் ஊகங்கள். பிரெயில் தெரிந்த மூன்று நான்கு பேரிடம் போய், இப்போது எப்படி எழுதுகிறார்கள் என்று செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். எங்கே நிறுத்தினார்கள், எங்கே அலுத்துக்கொண்டு குரல் பதிவுக்கு மாறினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். யாரைத் தேடுவது என்று தெரியவில்லை என்றால் பக்கத்தில் உள்ள பார்வைத்திறன் குறைபாடுடையோருக்கான பள்ளியில் அனுமதி கேளுங்கள். சென்னை வரமுடிந்தால் பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது.

அப்புறம் ஒரு மரக்கட்டை வேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1996-இல் பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி வருவதற்கு முன்பு, அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப் பையில் அடங்குகிற அளவுக்கு ஒரு மரத்துண்டை அறுத்து வைத்துக்கொண்டார். எழுதுகோலாக, வெட்டிய சாப்ஸ்டிக். கூட்டங்களில் யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பதுபோல் நடித்தார். உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. இதைப் பையிலிருந்து அடிக்கடி எடுப்பேனா, எடுத்தால் எதற்காக எடுப்பேன் என்ற கேள்விக்கு அந்தக் கட்டையே போதுமானதாக இருந்தது.

உங்கள் கட்டைக்கு கெட்டி அட்டையும் வெல்க்ரோவும் போதும். விசை மூடிகளின் அடியில் வெல்க்ரோ ஒட்டுங்கள், நகர்த்தி நகர்த்தி வைக்கலாம். பிரெயிலில் ஒவ்வொரு எழுத்தும் ஆறு புள்ளிகளில் சிலவற்றின் சேர்க்கை, புள்ளிக்கு ஒரு விசை, எல்லாம் சேர்த்து அழுத்த வேண்டும். 1951-இல் வெளிவந்த பெர்கின்ஸ் பிரெயிலர் என்ற தட்டச்சு இயந்திரத்தின் அமைப்புதான் பலருக்கு விரலில் ஊறியிருக்கும்: நடுவில் இடைவெளி விசை, இடப்பக்கம் ஆட்காட்டி விரலிலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. இந்த வரிசையில் புதுமை செய்யாதீர்கள். ஆனால் விசைகளுக்கு இடையே எவ்வளவு தூரம், நேர்வரிசையா, கைவிரல் வளைவுக்கு ஏற்ற வில் வடிவமா, மேசையிலா, மடியிலா, இவையெல்லாம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையும் கல்லூரி மாணவரின் கையும் ஒன்றல்ல. ஒவ்வொருவரும் நகர்த்தி வைத்த அமைப்பை போனில் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துவிடுங்கள். உங்கள் பெட்டியின் அளவு அங்கிருந்துதான் வரும்.

விசையின் கனத்தையும் இப்போதே பாருங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் டேக்ட் சுவிட்சுகளில் (சின்னப் பொத்தான்கள்) பெரும்பாலானவற்றுக்கு 160 கிராம் அல்லது அதற்கு மேல் அழுத்தம் வேண்டும். ஒரு விரலுக்குப் பரவாயில்லை. பிரெயிலில் நான்கு ஐந்து விரல்கள் சேர்ந்து அழுத்தும், அதுவும் பக்கம் பக்கமாக. கம்ப்யூட்டர் கீபோர்டுகளில் வரும் மெக்கானிக்கல் சுவிட்சுகளில் சிவப்பு நிற வகைக்கு 45 கிராம் போதும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் இரண்டு மூன்று வகையிலும் ஆறு ஆறு வாங்கி வந்து தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்ஜெட்டில் இது தண்டச் செலவு ஆகாது.

இனிமேல்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம். கருவி இல்லாமலேயே எழுதும் அனுபவத்தைச் சோதிக்கலாம். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜான் கூல்டும் அவர் குழுவும், பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் இயந்திரத்தை இப்படித்தான் சோதித்தார்கள். பேசுபவரின் திரையில் சொற்கள் தோன்றும், அடுத்த அறையில் ஒரு தட்டச்சர் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு இயந்திரத்தைச் செய்ய அன்றைக்கு யாராலும் முடியாது, ஆனால் அது வந்தால் மக்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பது தெரிந்துவிட்டது. உங்கள் விஷயத்தில், அட்டைக் கீபோர்டில் அவர் அழுத்தும் விரல்களைப் பார்த்து உங்களில் ஒருவர் எழுத்தை வாய்விட்டுச் சொன்னால் போதும். ஒளிந்துகொண்டு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பார்க்க முடியாதவர் முன்னால் அது இன்னும் தப்பு. 'இப்போதைக்கு நான்தான் இயந்திரம்' என்று சொல்லிவிட்டே செய்யுங்கள், கிடைக்கும் பாடம் ஒன்றும் குறையாது.

என்ன பாடம்? 'அம்மா' என்று எழுதச் சொல்லுங்கள். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் இது ஐந்து கட்டங்கள், அதாவது ஐந்து முறை தட்ட வேண்டும்: அ, மெய்யெழுத்துப் புள்ளி, ம, ம, ஆ. கவனியுங்கள், புள்ளிக்கான 4-ஆம் எண் விசை மெய்யெழுத்துக்கு முன்னால் வருகிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் ம முதலில், புள்ளி பின்னால். ஆகவே உங்கள் நிரல் 4-ஐ வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த கட்டம் வந்தபின் இடம் மாற்றி எழுத வேண்டும். அது சுலபம், நாலு வரி நிரல். சிக்கல் காதில்தான். 4-ஐ அழுத்தியதும் கருவி என்ன ஒலி எழுப்ப வேண்டும்? ஒன்றும் சொல்லாவிட்டால் பதிவானதா என்று தெரியாது. 'புள்ளி' என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் எரிச்சலாகிவிடும், தமிழில் அத்தனை மெய்யெழுத்துகள். சின்னதாக ஒரு டிக் ஒலி போதுமா? அடுத்து, மா என்று எழுதியபின் அழிப்பு விசையைத் தட்டினால் 'ஆ' மட்டும் போக வேண்டுமா, 'மா' முழுவதுமா? எழுதியவர் இரண்டு கட்டமாகத் தட்டினார், ஆனால் கேட்டது ஒரே எழுத்தாக. எனக்குக் கட்டம் கட்டமாக அழிவதே சரி என்று தோன்றுகிறது, தட்டியது விரலுக்கு நினைவிருக்கும். இரண்டு விதமாகவும் வாயால் செய்து காட்டி, எதில் குறைவாகத் தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். நிரலில் மாற்றுவதற்கு ஒரு வாரம் ஆகும் விஷயத்தை இங்கே ஒரு நிமிடத்தில் மாற்றலாம்.

சரி, மின்னணுவியல். நீங்கள் ஆசைப்பட்ட பகுதி என்பதால் இதில் பெரிதாகத் தடுமாற மாட்டீர்கள், இருந்தாலும் மாணவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் சில இடங்கள் உண்டு. உங்கள் போர்டு ஈஎஸ்பி32-எஸ்2 என்றால் அதில் புளூடூத்தே கிடையாது, முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். வழக்கமான ஈஎஸ்பி32 என்றால் ஜிபிஐஓ (இணைப்பு முனை) 34 முதல் 39 வரை, விசை அழுத்தாதபோது முனையை உயர் நிலையில் பிடித்து வைக்கும் புல்-அப் உள்ளே இல்லை, விசையை அங்கே இணைத்தால் தானாக அழுத்தியதுபோல் காட்டும். 6 முதல் 11 வரை ஃபிளாஷ் நினைவகத்தின் இணைப்புகள், தொடாதீர்கள். 12-ஐயும் விட்டுவிடுங்கள், மின்சாரம் வரும் நொடியில் அது உயர் நிலையில் இருந்தால் போர்டு எழவே எழாது. 18, 19, 21, 22, 23, 25, 26 ஆகிய ஏழும் ஆறு விசைக்கும் இடைவெளி விசைக்கும் சரியாக இருக்கும். விசைகள் முனைகளைப் பகிர்ந்துகொள்ளும் மேட்ரிக்ஸ் சுற்று வேண்டாம். சால்டர் இல்லாமல் செருகும் பிரெட்போர்டில் விசைகளை வைக்காதீர்கள், தட்டத் தட்டக் கழன்றுவிடும். கடையில் டாட் போர்டு கேட்டு வாங்கி சால்டர் செய்யுங்கள்.

கூட்டாக அழுத்தும் விசைகளை எப்போது ஒரு எழுத்தாக எடுத்துக்கொள்வது என்பதில் நீங்கள் நான்கு பேரும் சண்டை போடுவீர்கள். எல்லா விரலும் எழும்பியபின் அதுவரை அழுந்தியவற்றைச் சேர்த்து எடுப்பது ஒரு வழி. நிதானமாக எழுதுபவருக்கு அது சரி. வேகமாக எழுதுபவர் ஒரு விரல் எழும்பும் முன்பே அடுத்த எழுத்துக்குப் போய்விடுவார், அப்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முதல் விரல் எழும்பியவுடனே எடுத்துக்கொண்டால் அது தீரும், ஆனால் தயங்கி விரலை மாற்றி வைப்பவருக்குத் தப்பாக விழும். சண்டை போடுவதற்குப் பதிலாக, எந்த விசை எந்த மில்லிவினாடியில் இறங்கியது, எப்போது ஏறியது என்பதை மட்டும் யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் பதிவு செய்யுங்கள். ஐந்தாறு பேர் ஒரு பக்கம் எழுதிய பதிவு இருந்தால், எல்லா விதிகளையும் அதே பதிவின்மேல் ஓட்டி எது குறைவாகத் தவறுகிறது என்று வீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடலாம். இதற்காக அவர்களை மறுபடி மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம்.

புளூடூத்தை இந்தக் கட்டம்வரை தொடாமல் இருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரணப் புளூடூத் கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணை அனுப்புகிறது. அந்த எண் 'a' ஆவதும் 'அ' ஆவதும் போனில் உள்ள அமைப்பைப் பொறுத்தது. கீபோர்டிலிருந்து நேரடியாக யூனிகோட் தமிழை அனுப்ப முடியாது என்பது பல குழுக்களுக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிய வருகிறது. முதலில் லேப்டாப்பில் ஒரு பைத்தான் நிரலை வைத்துப் பிரெயில் புள்ளிகளைத் தமிழாக்குங்கள். லிப்லூயி என்ற திறமூல நூலகத்தில் தமிழ் அட்டவணையே இருக்கிறது. போனுக்குப் போகும்போது இரண்டு வழி: நீங்களே ஆண்ட்ராய்டுக்கு ஒரு உள்ளீட்டுச் செயலி எழுதுவது, அல்லது யுஎஸ்பி அமைப்பு 2018-இல் வெளியிட்ட பிரெயில் கருவிகளுக்கான தரநிலையைப் பின்பற்றிப் புள்ளிகளை அப்படியே அனுப்பி, எழுத்தாக்கும் வேலையை ஸ்கிரீன் ரீடரிடம் விட்டுவிடுவது. இரண்டாவது நேர்த்தியானது, ஆனால் உங்கள் கையில் இருக்கும் போன்கள் அதை ஏற்கின்றனவா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். 3 மாதத்துக்கு முதல் வழியே போதும்.

விசை தட்டியபின் எவ்வளவு நேரம் கழித்துக் குரல் வருகிறது என்று அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். போனின் ஒலிப்பதிவில் விசையின் சத்தமும் விழும், குரலும் விழும். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தால் ஆயிற்று. 100 மில்லிவினாடியைத் தாண்டினால் தாமதம் உறைக்க ஆரம்பிக்கும்.

பேட்டரி கடைசி. முதல் சோதனைகளுக்கு பவர் பேங்க் போதும், குறைந்த மின்னோட்டத்தில் தானே அணைந்துவிடாத வகையாகப் பாருங்கள். பின்னால் சிறிய லித்தியம் செல் வைப்பதென்றால், கடையில் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் போர்டை அப்படியே மாட்டாதீர்கள். அதில் இருக்கும் 1.2 கிலோஓம் மின்தடை 1 ஆம்பியருக்கானது. 300 மில்லிஆம்பியர்-மணி செல்லுக்கு அது மிக அதிகம், சூடாகும். 5 கிலோஓம் மாற்றினால் சுமார் 250 மில்லிஆம்பியருக்கு இறங்கிவிடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருள், பாதுகாப்புச் சுற்று இல்லாத செல் வேண்டவே வேண்டாம்.

சோதனைக்குப் போகும்போது 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஆசையாகச் செய்து கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எல்லாரும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்வார்கள். ஒரே பத்தியை டாக்பேக்கிலும் உங்கள் கருவியிலும் எழுதச் சொல்லி நேரத்தையும் அழித்து எழுதிய இடங்களையும் எண்ணுங்கள். உங்கள் கருவி தோற்றாலும் அந்த எண்களை அறிக்கையில் போடுங்கள். பட்ஜெட்டில் பாதியை இந்தச் சோதனை முடியும்வரை செலவழிக்க வேண்டாம். பிசிபியும் பெட்டியும் அதற்கப்புறம். போர்டின் விலையைவிட கூரியரும் சுங்கமும் அதிகமாகலாம், அதனால் ஒரே முறைதான் ஆர்டர் போட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை பற்றி: ஆறு விசையைச் சேர்த்து அழுத்தும் முறை 1892-இல் ஃபிராங்க் ஹால் செய்த பிரெயில் தட்டச்சு இயந்திரத்திலேயே இருக்கிறது, அதற்கு இனி யாரும் உரிமை கோர முடியாது. உங்கள் சோதனையில் ஏதாவது உண்மையிலேயே புதிதாகக் கிடைத்தால், அதை மாநாட்டிலோ யூடியூபிலோ போடும் முன் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்துவிடுங்கள், முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. இதற்குக் கல்லூரியிலேயே அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டைக் கீபோர்டை நான்கு பேரிடம் காட்டித் தட்டச் சொல்வதற்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரமே போகலாம்.