நாய் எங்கே படுத்திருந்தது?

அன்புள்ள ஐயா,
மெக்சிகோவின் கொலிமா நாய்ச் சிலைகளை இணையத்தில் பார்த்தேன். சுட்டமண்ணில் கொழுகொழுவென்று இருக்கின்றன. இறந்தவரின் ஆவிக்கு வழிகாட்டவே கல்லறையில் வைத்தார்களாம். தின்பதற்குக் கொழுக்கவைத்த நாய்கள் என்றும் படித்தேன். எது சரி? வீட்டில் வைக்க ஒன்று வாங்க ஆசை. ஒரிஜினல் கிடைக்குமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் இருந்திருக்கலாம். ஆனால் செத்தவரை நாய் மறுவுலகத்து ஆற்றைக் கடக்கவைக்கும் என்பது, பிற்காலத்தில் மெக்சிகோவில் கோலோச்சிய ஆஸ்டெக் மக்களின் நம்பிக்கை; 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைக்கப்பட்டது. கொலிமா நாய்கள் அதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் மூத்தவை, ஏறக்குறைய கி.மு. 300 முதல் கி.பி. 300 வரை. பேரன் சொன்ன கதையைக் கொள்ளுத்தாத்தா சொன்னதாக எழுதுகிறோம். சரி, அது போகட்டும்.

ஒரிஜினல் கிடைக்குமா என்கிறீர்களே, அதுதான் என்னைக் கிளறிவிட்டது. நானும் ஒரு அருங்காட்சியகத்தில் அந்த நாயின் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன். உள்ளே பொள்ளல், வெளியே தேய்த்து மெருகேற்றிய சிவப்பு, வால் இருக்கவேண்டிய இடத்தில் குழாய்மூக்கு. மண்ணுக்குள் கிடந்து ஏறிய கறுப்புப் புள்ளிகள். விறைத்த காதுகள். தட்டுச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டு நாய் மணி அப்படித்தான் நிற்கும். கீழே சீட்டில் 'கொலிமா, மேற்கு மெக்சிகோ'. வேறொன்றும் இல்லை.

மணி அப்பாவின் கட்டிலுக்கடியில்தான் படுக்கும். அப்பா போனபிறகும் அங்கேயேதான் கிடந்தது. கட்டிலை எடுத்துவிட்டு மணியை மட்டும் பார்ப்பவருக்கு என்ன தெரியும்?

அந்த ஊர்க் கல்லறைகள் கிணறு போல இறங்கி, அடியில் பக்கவாட்டில் அறை குடைந்தவை. பெரும்பாலானவற்றைத் திருடர்கள் காலிசெய்துவிட்டார்கள். 1993இல் கொலிமாவுக்குப் பக்கத்து ஹலிஸ்கோ மாநிலத்து உயிட்சிலாப்பாவில் கைபடாத ஒன்று கிடைத்தது. உள்ளே ஆறு பேர். எந்தப் பாண்டம் யார் பக்கத்தில் இருந்தது என்பதுவரை குறித்துவைக்க முடிந்தது. உங்கள் கேள்விக்கு விடை அப்படிப்பட்ட இடங்களில்தான் இருந்தது. திருடன் நாயை மட்டும் தூக்கிக்கொண்டு, யாருடைய காலடியில் கிடந்தது என்பதைக் குழியிலேயே விட்டுவிட்டு வந்தான். வாங்க ஆள் இருந்ததால் வந்தான். ரசனை உள்ள ஆள்தான், எஸ்., உங்களைப் போல. ஓவியர் தியேகோ ரிவேராவே இந்த மேற்கு மெக்சிகோ மண்சிலைகளைக் குவித்துவைத்திருந்தவர். அவரையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே தொல்பொருள்கள் நாட்டின் சொத்து. ஆகவே ஒரிஜினலை மறந்துவிடுங்கள். கொலிமாவில் இன்றும் குயவர்கள் அந்த நாய்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஒன்றை ஒட்டி ஒன்று ஆடுவதுபோல நிற்கும் ஜோடி நாய் நன்றாக இருக்கும். வந்துசேர்ந்ததும் ஒரு படம் அனுப்புங்கள், எங்கே வைத்தீர்கள் என்பதும் தெரியும்படி.