இனக் கட்டத்தில் எத்தனை டிக்?

கேள்வி: அமெரிக்காவில் கலப்பினத்தவர் எண்ணிக்கை பத்தே ஆண்டுகளில் நான்கு மடங்கை நெருங்கிவிட்டதாமே? அவ்வளவு வேகமாகவா இனங்கள் கலக்கின்றன?

பதில்: இல்லை. அதில் பெரும்பகுதி படிவத்தின் கைவரிசை. 2010 சென்சஸில் 90 லட்சம் பேர், 2020இல் 3.38 கோடி. ஒன்றுக்கு மேற்பட்ட இனக் கட்டங்களில் டிக் செய்யும் வசதி 2000இலேயே வந்துவிட்டது. 2020இல் புதிதாக வந்தது, ‘வெள்ளையர்’, ‘கறுப்பர்’ கட்டங்களுக்குக் கீழே பூர்விகத்தை எழுத விட்ட இடம். முன்பு ஒரு பதிலில் முதல் 30 எழுத்துகளைத்தான் பார்ப்பார்கள். எழுதியதை இன, பூர்விகக் குறியீடுகளாக மாற்றும்போது இரண்டுக்கு மேல் தரமாட்டார்கள். 2020இல் அது 200 எழுத்துகள், ஆறு குறியீடுகள் ஆனது.

ஒருவர் ‘வெள்ளையர்’ என்று மட்டும் டிக் செய்து, கீழே ‘மெக்சிகன்’ என்று எழுதுகிறார் என்று வையுங்கள். சென்சஸ் விதிப்படி மெக்சிகன் ‘வேறு இனம்’ என்ற தலைப்புக்குள் போகும். டிக் ஒன்று, இனம் இரண்டு! அவர் கேட்காமலேயே கலப்பினத்தவர் ஆகிவிடுகிறார். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் கலப்பினத்தவராகக் கணக்கில் வந்தவர்கள் 30 லட்சத்திலிருந்து 2.03 கோடியாக எகிறினார்கள். மொத்த உயர்வில் பத்தில் ஏழு பங்கு இது.

கலப்பு மணங்கள் கூடுவதும் உண்மைதான். 1967இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கும்வரை 16 மாநிலங்களில் அவை சட்டவிரோதம். ஆனால் அந்த மாற்றம் மெதுவாக ஏறுவது. ஒரே சென்சஸில் இப்படித் துள்ளாது.

இத்தகைய எண்ணைப் பார்த்தால், முதலில் இரண்டு ஆண்டுகளின் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு, அட்டவணையின் எந்த நிரலிலிருந்து எடுத்தது என்று கவனியுங்கள். ‘இந்த இனம் மட்டும்’ என்று ஒரு நிரல், ‘தனித்தோ பிறவற்றோடு சேர்த்தோ’ என்று இன்னொன்று. 2020இல் அமெரிக்கப் பழங்குடியினர் முதல் கணக்கில் 37 லட்சம், இரண்டாவதில் 97 லட்சம். பத்திரிகைச் செய்திகள் ஒரு ஆண்டுக்கு ஒன்றையும் மறு ஆண்டுக்கு மற்றதையும் எடுத்துக் கோத்துவிடுவதுண்டு. 2024இல் விதி மீண்டும் மாறி, மத்தியக் கிழக்கு – வட ஆப்பிரிக்கா என்று புதுப் பிரிவு வந்திருக்கிறது. ஆகவே 2030இலும் இதே குழப்பம் காத்திருக்கிறது.

கேள்வி: கமலா ஹாரிஸ் கறுப்பரா, இந்தியரா?

பதில்: இரண்டும்தான், தாய் தமிழ்ப் பெண், தந்தை ஜமைக்காவைச் சேர்ந்தவர். ‘ஏதாவது ஒன்றைச் சொல்’ என்ற நெருக்கடிக்கு நீண்ட வரலாறு உண்டு. வர்ஜீனியாவின் 1924 சட்டப்படி, கறுப்பின வம்சாவளி எள்ளளவு தெரிந்தாலும் அவர் வெள்ளையர் அல்லர். 1960க்கு முன்பு கணக்கெடுக்க வந்தவரே ஆளைப் பார்த்து இனத்தை எழுதிக்கொண்டு போனார். 1920 முதல் 1940 வரை இந்தியர்களுக்கு ‘இந்து’ என்றே ஒரு இனப் பிரிவு இருந்தது; சீக்கியரானாலும் அதேதான்! தாய் வெள்ளையரான ஒபாமாவோ 2010இல் ‘கறுப்பர்’ கட்டத்தை மட்டும் டிக் செய்தார். அது அவர் உரிமை.

கேள்வி: சட்டப்படி எல்லோரும் சமமாகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னும் ஏன் ஏற்றத்தாழ்வு?

பதில்: வருமானத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது, சொத்தைப் பாருங்கள். 2022இல் கறுப்பினக் குடும்பத்தின் இடைநிலை வருமானம் வெள்ளையருடையதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. சொத்திலோ 44,900 டாலருக்கு எதிரே 2,85,000 டாலர். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே சராசரியை எடுக்காதீர்கள், சில கோடீஸ்வரர்களே அதைத் தூக்கிவிடுவார்கள். வரிசையில் நடுவே நிற்கும் குடும்பத்தின் எண்தான் சரி.

இந்த இடைவெளியின் பெரிய வேர் வீடு. 1930களில் அரசு நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களில் பகுதிகளைக் கடன் கொடுக்கத் தகுந்தவையா என்று தரம் பிரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் கடைசித் தரம், சிவப்பு நிறம். 1934இல் தொடங்கிய அரசு வீட்டுக்கடன் காப்பீடும் அவர்களை ஒதுக்கியது. வங்கிக் கடன் கிடைக்காத சிகாகோ குடும்பங்கள் விற்பவரிடமே தவணை ஒப்பந்தம் போட்டன. பத்திரம் கடைசித் தவணை முடியும்வரை கைக்கு வராது. இடையில் ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. 1968 சட்டம் வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடை செய்தது, இழந்ததைத் திருப்பித் தரவில்லை. பள்ளிகளுக்குச் சொத்து வரியும் ஒரு முக்கிய வருவாய் என்பதால், வீட்டு விலை பிள்ளைகளின் படிப்பிலும் கை வைக்கிறது.

எல்லாம் பழங்கதை என்றும் தள்ள முடியாது. சமூகவியலாளர் டேவா பேஜர் 2003இல் வெளியிட்ட, மில்வாக்கி நகரில் நடந்த ஆய்வில், ஒத்த தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு 17 சதவீத இடங்களில் மறு அழைப்பு வந்தது. எந்தக் குற்றமும் இல்லாத கறுப்பினத்தவருக்கு 14.

கேள்வி: கலப்பு கூடக்கூட இது தானே மறைந்துவிடாதா?

பதில்: பிரேசிலைப் பாருங்கள். 2022 கணக்கெடுப்பில் கலப்பினத்தவர் 45.3 சதவீதம், வெள்ளையர் 43.5. ஏற்றத்தாழ்வு மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே ஒருவரை எடைபோடுவது வம்சாவளியை வைத்தல்ல, தோற்றத்தை வைத்து. அதனால்தான் பல்கலைக்கழக ஒதுக்கீட்டுக்கு வருபவரைச் சரிபார்க்கும் குழுக்களும் முகத்தையும் தோலையும் முடியையும் பார்க்கின்றன. ‘என் பாட்டி கறுப்பர்’ என்பது அங்கே எடுபடாது.