ஒரே இரவில் ஆறிவிடும் காயங்கள்: எந்த விதியை மாற்றுவது?

கேள்வி: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கற்பனைச் சாகச ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை, 2014 விதிகளின்படி, நண்பர்களுக்கு நடத்தி வருகிறேன். சாகக் கிடந்த போர்வீரன் இரவு தூங்கி எழுந்ததும் முழு பலத்துடன் நிற்பது நம்பும்படியாக இல்லை. பலத்த அடிபட்டவருக்கு என்ன காயம் என்று பகடை உருட்டிப் பார்க்க, இணையத்தில் விற்கும் காய அட்டவணை ஒன்றை வாங்கிச் சேர்க்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அப்படி விற்கப்படுபவற்றில் நான் பார்த்த பல, ஆட்டத்தை நடத்துபவருக்கான நூலான டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஏற்கெனவே உள்ள நீடித்த காய விதியைப் பெயர் மாற்றிப் பக்கம் கூட்டியவையே. அதைவிடப் பெரிய சிக்கல், அரக்கர்கள் பெரும்பாலும் ஒரே சண்டையில் மடிந்துவிடுவதால், கை போவதும் கண் போவதும் உங்கள் நண்பர்களுக்கே நேரும். அதிலும் முன்வரிசையில் நிற்பவருக்கே மறுபடி மறுபடி நேரும்.

அடிபடும்போது குறையும் ஹிட் பாயிண்ட் என்பது சதையின் கணக்கு மட்டுமன்று. மனவுறுதி, உயிர்வாழும் வேட்கை, அதிர்ஷ்டம் ஆகியவையும் அதில் சேர்ந்தவை என்று விதிநூலே சொல்கிறது. ஆகவே அது ஒரே இரவில் நிரம்புவதற்கு, வெட்டுக்காயம் ஆறிவிட்டது என்றே பொருளில்லை.

பலரும் அடுத்ததாகத் தாவுவது, ஷார்ட் ரெஸ்ட் என்னும் சிறு ஓய்வை 8 மணி நேரமாகவும் லாங் ரெஸ்ட் என்னும் இரவு ஓய்வை 7 நாளாகவும் நீட்டும் மாற்று விதிக்கு. அது காயத்தோடு நிற்காமல் மந்திரங்கள் மீளும் வேகத்தையும் குறைத்து, கதையின் காலக்கணக்கையே மாற்றிவிடும். உங்கள் குறை காயத்தைப் பற்றியது மட்டும் என்பதால், அதே அத்தியாயத்தில் உள்ள மெதுவான இயற்கைக் குணமடைதல் விதியே போதும். லாங் ரெஸ்டின் முடிவில் ஹிட் பாயிண்ட் தானாக நிரம்பாது. கைவசமுள்ள ஹிட் டைஸை, அதாவது நிலைக்கு ஒன்று வீதம் கிடைக்கும் குணமடைதல் பகடைகளை, உருட்டியே மீட்க வேண்டும். மொத்த ஹிட் டைஸில் பாதிதான் ஓர் இரவில் திரும்பும். ஐந்தாம் நிலை ஃபைட்டர் (போர்வீரர்) ஒருவர், கான்ஸ்டிடியூஷன் (உடல் தாங்குதிறன்) 14, ஹிட் பாயிண்ட் 44 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹிட் டைஸ் எல்லாம் தீர்ந்து 4 ஹிட் பாயிண்டோடு படுத்தால், ஐந்தில் பாதியைக் கீழ்நோக்கி முழுமையாக்கி இரவுக்கு இரண்டு டைஸ், சராசரியாக 15 ஹிட் பாயிண்ட் மீளும். அவர் முழுமையாகத் தேற ஏறத்தாழ மூன்று இரவுகள் ஆகும். இவ்வளவு எளிய தீர்வை ஆட்டக்காரர் கையில் இருக்கும் நூலில் வைக்காமல், தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டிய நூலின் பின்பகுதியில் சில வரிகளில் ஒதுக்கியிருப்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

குழுவில் குணமாக்கும் மந்திரம் தெரிந்த க்ளெரிக் இருந்தால் மட்டும் கவனம் தேவை. இந்த விதி மந்திர வாய்ப்புகளை, அதாவது ஒரு நாளில் இத்தனை முறை மந்திரம் போடலாம் என்ற கணக்கை, தொடுவதில்லை. அவை ஒவ்வோர் இரவும் முழுமையாகத் திரும்பும். ஆகவே முதல் நாள் மீந்த வாய்ப்புகளைத் தூங்கப் போகுமுன் குணமாக்கும் மந்திரத்தில் செலவிட்டு, விடிந்ததும் புதிய வாய்ப்புகளோடு குழு கிளம்பிவிடும். நீங்கள் கொண்டுவந்த தாமதம் கரைந்துபோவதுடன், க்ளெரிக்காக ஆடுபவர் சண்டையில் வேறு மந்திரம் எதையும் பயன்படுத்தத் தயங்குவார். வாள் வீசவும் வாதாடவும் ஆசைப்பட்டு வந்தவரை மருத்துவராக மட்டும் உட்கார வைப்பது நியாயமன்று. அவரிடம் தனியாகப் பேசுங்கள். அவர் உடன்படாவிட்டால், ஓய்வின்போது செய்யும் குணமாக்கும் மந்திரத்துக்கு ஒரு வரம்பை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நடந்துகொண்டிருக்கும் சாகசத்தின் நடுவில் எதையும் மாற்றாமல், அது முடிந்து அடுத்தது தொடங்கும் நாளிலிருந்து நடைமுறைப்படுத்துங்கள்.