இந்தப் படிப்புக்கு என்ன எதிர்காலம்?

கேள்வி: சமூகவியலில் முதுகலை முடித்த என் பேத்தி, முஸ்லிம் சமூகங்களில் பெண்களின் நிலை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போகிறாளாம், அதற்காகக் காயல்பட்டினத்தில் ஓராண்டு தங்க வேண்டுமாம். நாங்கள் அந்தச் சமயத்தவர் அல்லர். கேட்டால், சர்ச்சையில் சிக்கிய யாரோ ஒரு மொராக்கோ அம்மாளை உதாரணம் காட்டுகிறாள். வம்பை விலைக்கு வாங்கும் இந்தப் படிப்பால் பிழைப்பு நடக்குமா? கலியாணமும் தள்ளிப்போகுமே? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேவகோட்டை)

பதில்: தாங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட அந்த அம்மாளிலிருந்தே தொடங்குகிறேன். ஃபாத்திமா மெர்னிசி 1940இல் ஃபெஸ் நகரில், பெண்கள் தலைவாசலைத் தாண்ட வீட்டாரின் அனுமதி வேண்டியிருந்த ஒரு கூட்டுக் குடும்பத்தில் பிறந்தார். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள், வாசலில் காவல் என்று அவர் விவரிக்கும் அந்த வீட்டை, முகப்பில் ஆண்களும் இரண்டாங்கட்டில் பெண்களுமாகப் புழங்கிய நம் செட்டிநாட்டு வளவு வீடுகளில் வளர்ந்தவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். தேசிய இயக்கத்தார் நிறுவிய பள்ளியில் தொடங்கிய அவருடைய படிப்பு, மொராக்கோவின் தலைநகர் ரபாத், பாரிஸ் வழியாகச் சென்று அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமாக முடிந்தது. அவரோ அங்கேயே தங்கிவிடாமல் ஊர் திரும்பி, ரபாத்தின் ஐந்தாம் முகமது பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார்.

சர்ச்சை எழுந்தது உண்மைதான். எதனால் எழுந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா? பெண் ஒருத்தி முஸ்லிம்களுக்குத் தலைமை ஏற்கலாமா என்று அவர் ஒருநாள் மளிகைக் கடைக்காரரிடம் கேட்டபோது, அங்கு நின்ற ஒருவர், தம் காரியங்களைப் பெண்ணிடம் ஒப்படைக்கும் சமூகம் உருப்படாது என்று பொருள்படும் நபிமொழியைச் சொல்லி அவர் வாயை அடைத்தார். மெர்னிசி கோபித்துக்கொண்டு கண்டனக் கட்டுரை எழுதவில்லை. நபிமொழிகளைத் திரட்டிய புகாரியின் தொகுப்பையும் அதற்கான உரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, இதை அறிவித்தவர் யார், எப்போது, எந்த நெருக்கடியில் நினைவுகூர்ந்தார் என்று தேடத் தொடங்கினார். நபிகள் மறைந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்தபின், 656ஆம் ஆண்டு முஸ்லிம்களுக்குள்ளேயே மூண்ட ஒட்டகப் போரில் நபிகளின் மனைவி ஆயிஷா அம்மையார் தோல்வியுற்ற சூழலில்தான், இதை அறிவித்த நபித்தோழர் அபூ பக்ரா இதை நினைவுகூர்ந்தார் என்பது அவருடைய வாதம். இந்த வாதத்தோடு 1987இல் பிரெஞ்சு மொழியில் வந்த நூல் மொராக்கோவில் தடை செய்யப்பட்டது. அவருடைய முடிவை ஏற்காத மார்க்க அறிஞர்கள் உண்டு. ஆனால் அவரை மறுக்க வந்தவர்களும் அதே ஏடுகளைப் புரட்டித்தான் மறுக்க வேண்டியிருந்தது. டெல்லியை ஆண்ட ரஸியா, எகிப்தின் ஷஜருத் துர், ஏமனின் அர்வா போன்ற அரசியரைப் பற்றியும் பின்னர் எழுதினார். என்னைக் கேட்டால், உழைக்கும் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் வாழ்க்கையை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்த பேட்டி நூல்தான் இவை எல்லாவற்றிலும் மேலானது. 2015இல் அவர் மறைவதற்கு முன்பே, ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் விருது 2003இலும் நெதர்லாந்தின் எராஸ்மஸ் பரிசு 2004இலும் அவரைத் தேடி வந்தன. வம்பை விலைக்கு வாங்கியவருக்கு இவ்வளவு நடக்கும்.

அந்தச் சமயத்தவர் அல்லர் என்பது தடையே அன்று. டெல்லி நிஜாமுதீன் தர்காவைச் சார்ந்த குடும்பங்களின் பெண்களிடையே ஆய்வு செய்து 1979இல் நூல் வெளியிட்ட பட்ரீசியா ஜெஃப்ரி ஓர் ஆங்கிலேயர். தீர்ப்பை முன்னமே எழுதி மடியில் வைத்துக்கொண்டு போவதுதான் தடை. அந்தத் தவறைச் செய்ய எந்தச் சமயத்தவராலும் முடியும். தங்கள் பேத்தி தேர்ந்தெடுத்த ஊரோ அத்தகைய தீர்ப்புகளைக் குழப்பிவிடும் ஊர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன்தான் மனைவியின் வீட்டுக்கு வருகிறார், வீடு பெண்ணுடையது. நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையிலோ, திருமணத்தையும் மணமுறிவையும் ஆண்கள் மட்டுமே கூடித் தீர்ப்பதை எதிர்த்து, தாவூத் ஷரீபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை ஏற்படுத்தினார். முஸ்லிம் பெண்ணின் நிலை என்று ஒரே வாக்கியத்தில் பேச விடாத இந்த வேறுபாடுதான் ஆய்வுக்குரிய பொருள்.

பிழைப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மகளிரியலுக்கென்று தனித்துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் குறைவு. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. தங்கள் பேத்தி சமூகவியல் படித்தவர் என்பதால் சமூகவியல் துறைகளின் கதவும் திறந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வை எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அதில் காயல்பட்டினத்தில் தாராளமாகத் தங்கலாம்.

கலியாணம் தள்ளிப்போகும் என்கிறீர்கள். மீசை முளைக்காத பையன்களைப் வட்டிக்கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேற்றிவிட்டு, தவணை முடிந்து அவர்கள் திரும்பும்வரை பொறுத்திருந்த ஊர்க்காரர்கள் நாம். பேத்தி கேட்பது ஓராண்டு, அதுவும் இதே தமிழ்நாட்டுக்குள். வரன் பார்ப்பதைத் தாங்கள் நிறுத்த வேண்டியதில்லை. ஆய்வு முடிந்த பிறகே கலியாணம் என்பதைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.