நோத்ர்தாம் வரிசைக்குப் பணம் கட்டாதீர்கள், நேரம் பிடியுங்கள்

கேள்வி: மே கடைசியில் பாரிஸ் போகிறோம். நான், கணவர், 14 வயது மகன், 71 வயது மாமியார். பாரிஸ் புறநகரான லா கூர்நவ்வில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கல். நோத்ர்தாம் பேராலயத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. தினமும் பூசைக்குப் போகிறவர். ஆனால் முழங்கால் வலி. அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. சதுக்கம் முழுக்க வரிசை வளைந்து கிடக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. ஓர் இணையதளம் ‘வரிசை தாண்டும் டிக்கெட்’ என்று ஆளுக்கு 39 யூரோ கேட்கிறது. வாங்கிவிடலாமா?
– மதுரையிலிருந்து ஒரு வாசகி

வாங்காதீர்கள். நோத்ர்தாமுக்குள் போக டிக்கெட்டே கிடையாது, நுழைவு இலவசம். இல்லாத டிக்கெட்டுக்கு வரிசை தாண்டும் டிக்கெட் எப்படி இருக்கும்? இப்படி விற்கப்படுவது பெரும்பாலும் ஒரு வழிகாட்டியின் பேச்சு, இல்லையென்றால் போனில் கேட்கிற ஒலிப்பதிவு. வழிகாட்டி கட்டடத்துக்கு வெளியே முக்கால் மணி நேரம் கதை சொல்வார். கடைசியில் “அதோ வரிசை” என்று கையைக் காட்டிவிட்டுப் போவார். நான் அழைத்துப் போன ஒரு குடும்பம் இப்படி நால்வருக்குப் பணம் கட்டிவிட்டு வந்திருந்தது. எல்லோரும் நிற்கும் அதே வரிசையில்தான் அவர்களும் நின்றார்கள், காதில் ஒலிப்பதிவு ஓட. நல்ல வழிகாட்டிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. ஆனால் அது விளக்கத்துக்கான பணம், வரிசைக்கானது அல்ல.

உங்களுக்கு வேண்டியது நேரப் பதிவு. நம் ஊர்க் கோயில் கணக்கில் சொன்னால், ஒரு பக்கம் தர்ம தரிசனம், ஒரு பக்கம் சிறப்பு தரிசனம். ஒரே வித்தியாசம், இங்கே சிறப்பு தரிசனத்துக்கும் காசு இல்லை. பேராலயத்தின் சொந்த இணையதளத்திலோ அவர்களுடைய செயலியிலோ நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துப் பெயர், மின்னஞ்சல் கொடுத்தால் ஒரு க்யூஆர் குறியீடு வரும். அவ்வளவுதான். தளத்தின் பெயர் ‘நோத்ர்தாம்தெபாரிஸ்’, முகவரி ‘டாட் எஃப்ஆர்’ என்று முடியும். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம், அதனால் இதை ஒருமுறை சரிபாருங்கள். பதிவின் நடுவே எந்த இடத்திலாவது அட்டை எண் கேட்டால் தவறான தளத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பலர் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான். மதுரையில் இருந்துகொண்டு ஒரு மாதம் முன்னாலேயே பதிவு செய்யலாம் என்று உட்கார்ந்தால் நாட்காட்டியே திறக்காது. இரண்டு நாள் முன்னால்தான் இடம் விடுவார்கள். பாரிஸ் நேரப்படி நள்ளிரவை ஒட்டிப் புதிய நாள் திறக்கும். கோடையில் நம் நேரத்துக்கு விடியற்காலை மூன்றரை. வசதியான நேரங்கள் வேகமாகப் போய்விடும். ‘இடம் இல்லை’ என்று திரை சொன்னதும் மனம் விட்டுவிடாதீர்கள். ரத்தாகும் இடங்கள் பகலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரும்ப வரும், போகிற அன்று காலையில்கூட. காபி குடிக்கும்போது ஒரு தடவை, மெட்ரோவுக்குக் காத்திருக்கும்போது ஒரு தடவை பாருங்கள். உங்களுக்குப் பெரிய வசதி, அக்கா அங்கேயே இருக்கிறார். விமானத்தில் இருக்கும்போது நாள் திறந்தால் அவரே பதிவு செய்துவிட்டு க்யூஆரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். அதைப் படமாகச் சேமித்து வையுங்கள், சதுக்கத்தில் போய் நெட்வொர்க் தேட வேண்டாம்.

பதிவு இருந்தாலும் பாதுகாப்புச் சோதனை உண்டு. பதிவு வரிசை தனி, கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் அங்கே இருந்தால் போதும்.

சரி, பதிவு கிடைக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த வீடியோ வரிசையைப் பார்த்து மிரள வேண்டாம். 2019 ஏப்ரல் தீ விபத்துக்குப் பிறகு பேராலயம் 2024 டிசம்பரில் திறந்தது. 2025 ஜூன் முடிவதற்குள் 60 லட்சம் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நாளுக்கு ஏறக்குறைய 30,000 பேர். வாரநாளில் கதவு திறந்திருப்பது காலை 7.50 முதல் மாலை 7 வரை, அதாவது 11 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 40 பேருக்கு மேல் உள்ளே போகிறார்கள். பதிவு செய்தவர்கள் பாதி என்று கழித்தாலும், சும்மா நிற்கும் வரிசையில் நிமிடத்துக்கு 20 பேர் நகர்கிறார்கள். உங்கள் முன்னால் 500 பேர் நின்றால் அரை மணியை ஒட்டி வரும். இது என் கைக்கணக்குதான், மழை நாளிலும் விழா நாளிலும் மாறும். ஆனாலும் டிக்கெட் கவுன்டர் இல்லாத வரிசை வேறு ஜாதி. சில்லறை தேடுகிறவர் இல்லை, சலுகை கேட்டு வாதாடுகிறவர் இல்லை. ஐஃபல் கோபுரத்தின் அடியில் நிற்பதைப் போல இங்கே கால் வேர் விடாது.

எந்த நேரம்? என்னைக் கேட்டால் முதலில் வியாழன் மாலை. அன்று மட்டும் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். சுற்றுலா பஸ்கள் கிளம்பிப் போயிருக்கும், கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்திருக்கும். எட்டு மணிக்குப் போங்கள். மே கடைசியில் பாரிசில் சூரியன் மறைய ஒன்பதரையைத் தாண்டும். பேராலயத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேராக அந்த இரண்டு கோபுரங்களின்மேல் விழும், கல் தேன் நிறத்துக்கு மாறும். வரிசையில் நின்றாலும் கண்ணுக்கு வேலை இருக்கிறது. கதவுகளுக்கு மேலே நீளவாக்கில் நிற்கும் அரசர்களின் சிலைகளை மகனை எண்ணச் சொல்லுங்கள், 28 வரும்.

அடுத்தது காலையில் கதவு திறக்கும் நேரம். அக்கா வீட்டிலிருந்து ஏழு மணிக்காவது புறப்பட வேண்டும். விமானக் களைப்பில் முதல் இரண்டு நாள் உங்களுக்கு எப்படியும் விடியற்காலையில் விழிப்பு வந்துவிடும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

காலை பத்தரையிலிருந்து மாலை நாலு வரை பதிவில்லாமல் போகவே வேண்டாம். செவ்வாய்க்கிழமையையும் தவிருங்கள். அன்று லூவர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அங்கே போக வேண்டிய கூட்டம் இங்கே நடந்து வந்துவிடும். மே மாதம் பிரெஞ்சுக்காரர்களுக்கு விடுமுறை மாதம் என்பதையும் மறக்காதீர்கள். ஆண்டவரின் விண்ணேற்றம் எப்போதும் வியாழக்கிழமைதான் வரும், அது அரசு விடுமுறை. நான் சொன்ன வியாழன் அந்த வியாழனாக இருந்தால் வேறு நாள் பாருங்கள். பெந்தெகொஸ்தே ஞாயிறும் அதற்கடுத்த திங்களும் அப்படியே. மாதத்தின் முதல் வெள்ளி பிற்பகலில், இயேசு சூடியதாக நம்பப்படும் முள்முடியை வணக்கத்துக்கு வைப்பார்கள். பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி 1239ல் கொண்டுவந்த முள்முடி. உங்கள் பயணம் ஜூன் முதல் வெள்ளியைத் தொட்டால் மாமியாரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சுற்றிப் பார்க்க அது மோசமான நேரம், அவருக்கு ஒருவேளை அதுவே பயணத்தின் காரணமாக ஆகலாம்.

இப்போது மாமியார் விஷயம். உங்கள் கடிதத்தில் ‘தினமும் பூசைக்குப் போகிறவர்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கான பதிலே அதில்தான் இருக்கிறது. திருப்பலிக்கு வருகிறவர்களுக்கு முன்பதிவு தேவையில்லை, தனி வழியாக விடுவார்கள். வாரநாளில் காலை 8, நண்பகல் 12, மாலை 6 மணிக்குத் திருப்பலி உண்டு. ஞாயிறு 10 மணிக்கு கிரிகோரியன் பாடலோடு நடக்கும், கேட்கத்தான் வேண்டும், ஆனால் கூட்டம் முட்டும். வாரநாள் 12 மணிப் பூசைக்கு அரை மணி முன்னால் போய், வாசலில் நிற்கும் ஊழியரிடம் “மெஸ்” (பிரெஞ்சில் பூசை) என்று ஒரு சொல் சொன்னால் புரிந்துகொள்வார். உள்ளே நாற்காலி உண்டு. அவர் உட்கார்ந்து பூசை காணலாம், முடிந்ததும் எழுந்து மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். பிரெஞ்சு தெரியாதே என்று அவர் கவலைப்பட வேண்டாம். பூசையின் ஒழுங்கு மதுரைக்கும் பாரிசுக்கும் ஒன்றுதான். ஒரு வேண்டுகோள்: பூசையைக் குறுக்கு வழியாக மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே போனதும் போனைத் தூக்கிக்கொண்டு அலையும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை உண்டு. வரிசையின் வாலில் போய் நிற்காமல் நேராக நுழைவு ஊழியரிடம் போய்ப் பேசுங்கள். முழங்கால் வலிக்கு அந்த வசதி கிடைக்குமா என்பது அந்த நேரத்து ஊழியரின் மனசைப் பொறுத்தது, அதை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். மடக்கு ஸ்டூல் ஒன்று கையில் இருக்கட்டும். சதுக்கத்தில் நிழல் இல்லை, மழைக்கு ஒதுங்க இடமில்லை. மாமியார் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, நீங்கள் மூவரும் வரிசையில் நகர்ந்து, முனை நெருங்கும்போது அவரைக் கூப்பிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

அவர் கால் வலிக்கப்போவது வரிசையில் அல்ல, ரயில் நிலையத்தில் என்பது என் பயம். லா கூர்நவ்விலிருந்து ஆர்இஆர் பி ரயிலில் ஏறினால் கார் து நோர், ஷாத்லே தாண்டி சேன் மிஷேல் நோத்ர்தாம். மாற்றல் இல்லாத பயணம். ஆனால் நிலையத்தில் படிகள் ஏராளம். மெட்ரோ 4ஆம் தடத்து சித்தே நிலையம் பேராலயத்துக்கு இன்னும் பக்கம், ஆனால் ஆழமான நிலையம். அதனால் கார் து நோரில் இறங்கி 38ஆம் எண் பஸ்ஸைப் பிடியுங்கள். சேன் நதியைத் தாண்டித் தீவின் நடுவிலேயே இறக்கிவிடும், மிச்சம் சில நிமிட நடை. போகிற வழியில் ஊரும் பார்த்த மாதிரி இருக்கும். திரும்பும்போது அதே வழியில் வந்தால் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இறங்கித் தோசை சாப்பிட்டுவிட்டு வீடு போகலாம். அக்காவுக்குக் கடைகள் அத்துப்படியாக இருக்கும்.

பெட்டி, பெரிய பை எதுவும் எடுத்துப் போகாதீர்கள். உள்ளே விட மாட்டார்கள், வைத்துவிட்டுப் போக அங்கே இடமும் இல்லை. விமான நிலையத்திலிருந்து நேராகப் போய்ப் பார்த்துவிடலாம் என்று பதிவு செய்தவர்கள் பெட்டியோடு வாசலில் நின்று, முறைவைத்து ஒருவர் காவல் இருக்க மற்றவர் உள்ளே போய் வந்ததை நேரில் பார்த்தேன். பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்தார்கள், பாவம்.

உள்ளே போனபின் அவசரப்படாதீர்கள். கூட்டம் வடக்குப் பக்கமாக உள்ளே போய், பீடத்தைச் சுற்றி, தெற்குப் பக்கமாக வெளியே வரும். சுத்தம் செய்த சுவர்கள் பழைய படங்களில் இருப்பதைவிட எவ்வளவோ வெளுப்பு, முதலில் கண் கூசும். 13ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி ரோஜா ஜன்னல்கள் மூன்றும் தீயில் தப்பின. பகல் பூசைக்குப் போகிறீர்கள் என்றால் தெற்கு ரோஜாவில் வெயில் இருக்கும். பீடத்தின் அருகே தூணோடு நிற்கும் மாதா சுரூபம் 14ஆம் நூற்றாண்டுடையது, கூரை சரிந்து விழுந்தபோதும் அசையாமல் நின்றது. மாமியார் அங்கே அதிக நேரம் நிற்பார் என்று நினைக்கிறேன். கூட்டம் பின்னாலிருந்து தள்ளினால் அவரை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள்.

பக்கத்திலேயே சேன்ட் ஷப்பல் இருக்கிறது, அந்த முள்முடிக்காகவே லூயி கட்டிய கண்ணாடிக் கோயில். அங்கே கட்டணம் உண்டு, நேரம் போட்ட டிக்கெட்டை முன்பே எடுக்க வேண்டும். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் அங்கே சோதனை இன்னும் கடுமை. டிக்கெட் இருந்தாலும் சோதனை வரிசையைத் தாண்ட முடியாது. பழம் நறுக்கும் கத்தி, சின்னக் கத்தரிக்கோல் எதையும் பையில் வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் காலை முதல் நேரத்துக்கு சேன்ட் ஷப்பலை எடுத்து, 12 மணிப் பூசைக்கு நோத்ர்தாம் போய்விடலாம். மாமியாரின் காலுக்கு அதற்குமேல் அன்று வேலை கொடுக்காதீர்கள்.

மகன் கோபுரம் ஏற வேண்டும் என்று நிச்சயம் கேட்பான். 2025 செப்டம்பரில் கோபுரங்களைத் திரும்பத் திறந்தார்கள். 424 படி, லிஃப்ட் கிடையாது. இது பேராலயத்தின் இலவசப் பதிவில் சேராது. வாசல் வேறு, நிர்வாகம் வேறு, பெரியவர்களுக்கு 16 யூரோ. இதைத் தேசிய நினைவுச்சின்னங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பின் தளத்தில் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். கோபுர டிக்கெட்டைக் காட்டிப் பேராலயத்துக்குள் நுழைய முடியாது, இரண்டும் தனித்தனி. அப்பாவும் மகனும் ஏறட்டும், நீங்கள் மாமியாரோடு எதிர்க்கரையில் ஒரு காபிக் கடையில் உட்காருங்கள். 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, ஆனால் அவனுக்கும் நேரச்சீட்டு வேண்டும். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் நகலைக் கணவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.